போக் டவர், லேக் வேல்ஸ்: ஜூனில் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு?

தொலைவழி:
ஃபுளோரிடாவின் லேக் வேல்ஸில் உள்ள போக் டவர் பூங்காவுக்கு ஜூன் நடுவில் ஒரு பகல் போகத் திட்டம். ஃபுல் ஃப்ரேம் கேமரா (36 × 24 மி.மீ. சென்சார்), 24-70 மி.மீ. லென்ஸ், போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) இருக்கின்றன. மூன்று படங்கள் வேண்டும்: அங்குள்ள மணிக்கோபுரம் முழுவதும் சாயாமல் நேராக, வடக்குப் பக்கத்துப் பித்தளைக் கதவு, குளத்தில் விழும் பிம்பம். மணிகள் ஆடும்போதும் எடுக்க ஆசை. எப்போது போவது, எங்கே நிற்பது?

வெயில்கணக்கு:
கதவுக்கு ஜூன்தான் சரியான மாதம். குளிர்காலத்தில் வடக்கு முகத்தில் நாள் முழுக்க வெயிலே படாது. ஜூனில் சூரியன் வடகிழக்கில் உதித்து, காலை சுமார் 11 மணி வரை வடபுறமாகவே இருக்கும். அந்த வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக விழுவதால் செதுக்கல்கள் நன்றாக எழும்பித் தெரியும். 11-இலிருந்து கிட்டத்தட்ட 3:50 வரை வெளிச்சம் தெற்கு முகத்துக்குப் போய்விடும். கோபுரத்தின் சூரியக் கடிகாரம் அந்தப் பக்கம்தான். ஆனால் உச்சி வெயில் செங்குத்தாக இறங்குவதால் சுவரில் நிழல்கள் கறுத்துக் கீழ்நோக்கி நீளும். அதைப் படமெடுக்க டிசம்பரே நல்லது.

மாலையிலும் வடக்கு முகத்தில் வெயில் வரும், ஆனால் நம்ப வேண்டாம். ஜூன் பிற்பகலில் அங்கே இடிமழை வழக்கம். பூங்கா காலை 8 முதல் மாலை 6 வரை. அந்த மாதத்தில் சூரியன் மறைவது 8 மணிக்கு மேல் என்பதால் அந்திப் படம் கிடைக்காது. டிசம்பரில் 5:40-க்குள் மறைந்துவிடும். திறந்தவுடன் உள்ளே போய், முதலில் கதவுக்குச் செல்லுங்கள்.

நேர்கோடு:
கோபுரம் 205 அடி, அதாவது 62.5 மீட்டர். கேமராவைச் செங்குத்து வாக்கில், படத்தின் நீளப் பக்கம் நிற்கும்படி பிடித்து, மேல்நோக்கிச் சாய்க்காமல் எடுத்தால்தான் சுவர்கள் ஒன்றை நோக்கி ஒன்று சாயாது. அப்போது சென்சாரின் மேல்பாதி, 18 மி.மீ., மட்டுமே கோபுரத்துக்குக் கிடைக்கும். கணக்கு இதுதான்: நிற்க வேண்டிய தூரம் = கண்மட்டத்துக்கு மேல் உள்ள உயரம் × லென்ஸின் குவியத்தூரம் ÷ 18. 24 மி.மீ.க்கு 61 × 24 ÷ 18, சுமார் 81 மீட்டர். 16 மி.மீ. லென்ஸ் என்றால் 54 போதும். கோபுரம் மேட்டின் உச்சியில் நிற்கிறது. நீங்கள் ஒரு மீட்டர் தாழ இறங்கினால் 24-க்கு இன்னும் 1.3 மீட்டர் பின்னால் போக வேண்டும். கீழ்ப்பாதியில் தரைதான் நிறையும், வெட்டிவிடலாம்.

அவ்வளவு தூரத்தில் மரங்கள் மறைத்தால் சாய்த்தே எடுத்து, பிறகு மென்பொருளில் நிமிர்த்துங்கள். அதற்குக் கோபுரத்தின் இருபுறமும், உச்சிக்கு மேலும் தாராளமாக இடம் விடுங்கள். நெருக்கி எடுத்த படத்தை நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, கோபுரமும் செயற்கையாக நீண்டுபோகும்.

இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த ஜார்ஜியா பளிங்கு, வெளிர் கொக்கினா (சிப்பி ஓடுகள் இறுகிய) கல். சுற்றிலும் கரும்பச்சை ஓக் மரங்கள். கேமராவின் ஒளிமானி மரங்களைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினால் கல் வெளுத்து, நிறம் போய்விடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத் திருத்தத்தை) −0.7-இல் தொடங்கி, ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில்) சிவப்பு நிறக்கோடு வலது ஓரத்தை முட்டாமல் பாருங்கள்.

மணிநாதம்:
மணிகள் ஆடாது, தொலைவழி. இது கரிலான்: 60 மணிகளும் அசையாமல் பொருத்தப்பட்டவை. இசைப்பவர் விசைகளை அழுத்தும்போது உள்ளிருக்கும் நாக்குகள்தான் அடிக்கின்றன. மணிகளும் மேலே பீங்கான் ஓட்டுக் கிராதிகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தக் கிராதிகளையே எடுங்கள், மிக அழகானவை. ஆனால் 70 மி.மீ. போதாது, 200 வேண்டும்.

கதவுக்கு 70 சரி. நடுவில் அகழி 15 அடி அகலம் இருப்பதால் நெருங்க முடியாது. இலைகளின் பச்சை பித்தளையில் ஏறும். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) ஆட்டோவில் விடாமல் கையால் வையுங்கள். உலோகக் கலைஞர் சாமுவேல் யெல்லினின் வேலைப்பாடு அது, நிறம் கெட்டால் பாதி போயிற்று.

குளத்தில் போலரைசரைக் கழற்றிவிடுங்கள், அல்லது திருப்பிப் பார்த்துப் பிம்பம் வலுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். தவறான பக்கம் திரும்பினால் பிம்பமே அழிந்துவிடும். கேமராவை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கினால், கரைச் செடிகள் மறைக்காதவரை, பிம்பம் முழுதாகக் கிடைக்கும். காற்று எழுமுன், காலையிலேயே.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். பூங்காவுக்கு அரை மணி முன்பே ஏசியை அணைத்து, கேமராவை மூடிய பையிலேயே வெப்பத்துக்குப் பழகவிடுங்கள். ட்ரைபாட் கொண்டுபோவதானால் நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.