ஏர்பிரஷா, கம்ப்ரசரா: கைக்காசை முதலில் எதில் போடுவது?

நீலவானம்:
அனைவருக்கும் வணக்கம். என் மேசையில் இப்போது இருப்பது மெசர்ஷ்மிட் 109 ஜி-6 என்ற இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியப் போர் விமானத்தின் 1/72 அளவு மாடல். இறக்கைகளைத் தூரிகையாலேயே தீட்டி முடித்துவிட்டேன். ஆனால் உடற்பகுதியின் பக்கங்களில், வெளிர்நீலச் சாம்பல் நிறத்தின்மீது அடர்சாம்பல் திட்டுகள் மேகம்போல் கரைந்து நிற்க வேண்டும். அது தூரிகைக்குக் கட்டுப்படவில்லை. ஆகவே காற்றின் வேகத்தால் வண்ணத்தைத் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். என்னிடம் உள்ள பணத்தில், ஏர்பிரஷ், அதற்குக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தரமானதாக வாங்க முடியும். சென்னையில், கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு; கீழ்த்தளத்தில் கைக்குழந்தை இருக்கிறது. எதற்கு முதலிடம் கொடுப்பது?

கூர்முனை:
ஏர்பிரஷுக்கே கொடுங்கள். உண்மை விமானத்தில் ஒரு திட்டின் ஓரம் 5 சென்டிமீட்டர் அகலத்தில் மங்கியிருந்தால், உங்கள் மாடலில் அது 0.7 மில்லிமீட்டர்தான். அந்த அளவில் மையைக் கட்டுப்படுத்துவது ஊசியும் அது அமரும் முனையும் விரலின் கீழுள்ள விசையுமே. காற்று வருமிடம் எதுவாயினும், ஊசி கரடாக இருந்தால் ஓரத்தில் சிலந்திக்கால்கள்போல் மை ஓடிவிடும்.

நான் முதலில் வாங்கியது பெயர் தெரியாத மலிவான நகல். அதன் முனை மரை போட்டுத் திருகும் வகை, நெல்மணியைவிடச் சிறியது. மூன்றாவது முறை கழுவும்போது மரைக் கழுத்து ஒடிந்தது. அதற்கு முன்பே அது கசியத் தொடங்கியிருந்தது என்பதை, விசையை அழுத்தும்போதெல்லாம் கிண்ணத்திலிருந்த மையில் எழுந்த குமிழிகள் எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. எனக்குத்தான் அந்த அடையாளம் அப்போது தெரியாது. லாக்கர் வண்ணத்தை நீர்க்கவைக்கும் தின்னர் பட்டு அதன் ரப்பர் வளையங்களும் உப்பிப்போயின. கிரியோஸ் நிறுவனத்தின் புரோகான் பாய் 0.3 (எண் என்பது முனைத் துளையின் மில்லிமீட்டர் அளவு), இவாட்டா எக்லிப்ஸ் 0.35, ஹார்டர் ஸ்டீன்பெக் எவலூஷன் ஆகிய மூன்றில் எதை வாங்கினாலும் பல ஆண்டுகள் உழைக்கும். எக்லிப்ஸிலும் எவலூஷனிலும் முனையைத் திருகவே வேண்டாம். அதன் இடத்தில் வைத்து மூடினால் போதும்.

காற்றழுத்தம்:
கூர்முனை அண்ணன் ஊசியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவர் கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்று கொள்வோம். 3 லிட்டர் தொட்டி உள்ள கம்ப்ரசர், கருவி காட்டும் அழுத்தம் 4 பார் (1 பார் என்பது ஏறத்தாழ வெளிக்காற்றின் அழுத்தம்) வரை ஏறி நிற்கும்போது, உள்ளே இருப்பது வெளிக்காற்றைப்போல் ஐந்து மடங்கு நெருக்கிய காற்று. அது அறை வெப்பத்துக்கு ஆறினால், வந்த ஈரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தொட்டியின் அடியிலேயே நீராக விட்டுவிடும். பிறகு அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் அதை 1 பாருக்கு இறக்கும்போது, குழாய்க்கு வரும் காற்றின் ஈரப்பதம் சுமார் 40 சதவீதம்தான். தொட்டியில்லாத கம்ப்ரசரில் சூடான காற்று நேரே குழாய்க்குள் போய் அங்கேதான் ஆறும். நீரும் அங்கேதான் திரளும். அரை மணி நேரம் தெளித்த பிறகு, முடியும் தறுவாயில் உள்ள இறக்கையில் ஒரு நீர்த்துளி வந்து விழுந்து வண்ணத்தில் குழி பறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

தொட்டி என்றால் காற்றுச் சேமிப்பு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியன்று. 4 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது 3 லிட்டர் தொட்டி தருவது 3 லிட்டர் வெளிக்காற்றுதான். நிமிடத்துக்கு 10 லிட்டர் குடிக்கும் ஏர்பிரஷுக்கு அது 20 வினாடிகூடத் தாங்காது. ஈரத்தை வடிப்பதும் பிஸ்டனின் துடிப்பை அடக்குவதுமே தொட்டியின் வேலை.

கூர்முனை:
ஈரத்தைப் பற்றிய உங்கள் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன் தம்பி. அதற்காகக் கைப்பிடியின் அடியில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஒரு சிறு மாய்ஸ்சர் டிராப் மாட்டினால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். துடிப்பைப் பொறுத்தவரை, 3 மீட்டர் குழாயே அதைத் தணித்துவிடுகிறது என்பது என் அனுபவம். தொட்டியைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். மோசமான ஏர்பிரஷை எதைச் சேர்த்தும் நல்லதாக்க முடியாது.

காற்றழுத்தம்:
அண்ணா, 4 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 3 மீட்டர் குழாயில் அடங்கும் காற்று 40 மில்லிலிட்டர்கூட இல்லை. தொட்டியோ அதைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. 20 பி.எஸ்.ஐ.யில் (1 பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ.) பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கும்போது துடிப்பு கண்ணில் படாது என்பது உண்மைதான். ஆனால் இவர் கேட்பது ஜெர்மானியத் திட்டுகளை. மையைப் பால்போல் நீர்க்கவைத்து, 10 முதல் 12 பி.எஸ்.ஐ.யில், பரப்பிலிருந்து ஒரு விரல் தூரத்தில் கையைப் பிடிக்கும் வேலை அது. துடிப்பு இருந்தால் கோடு தொடர்ச்சியாக வராமல் மணிமாலையாக வருவது அங்கேதான். மேலும், புதிதாகப் பழகுபவர் முதல் மாதத்திலேயே ஊசிமுனையை எங்காவது இடித்து வளைத்துவிடுவார். அந்தப் பாடத்தை விலையுயர்ந்த ஊசியில் கற்க வேண்டுமா?

மேசைவிளக்கு:
இடையில் ஒரு சொல். கைக்குழந்தையின் உறக்கத்தை நினைத்துப் பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைத் தேடிப் போக வேண்டாம். அதன் ஓசை மிகக் குறைவுதான். ஆனால் எண்ணெய் காற்றோடு கலந்து வரும், அதற்கெனத் தனி வடிகட்டி வேண்டும். பாதுகாப்பு வால்வு இல்லாமல் கையில் கிடைத்த உருளையைத் தொட்டியாக இணைப்பது உயிருக்கே ஆபத்து. தொட்டியுள்ள கம்ப்ரசர் அழுத்தம் ஏறியதும் தானாக நின்றுவிடும்; அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் தரைவழியே இறங்கும் அதிர்வும் குறையும். லாக்கர் அடிப்பதாக இருந்தால் கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் முகமூடி கட்டாயம் வேண்டும். என்95 முகமூடி தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஒரு நண்பர் வீட்டில் இரண்டு வகைக் கம்ப்ரசர்களிலும் ஒரே ஏர்பிரஷை மாட்டி, பிளாஸ்டிக் கரண்டிகளின் முதுகில் தெளித்துப் பார்த்தேன். 12 பி.எஸ்.ஐ.யில், தொட்டியில்லாத கம்ப்ரசரில் இழுத்த கோட்டில் சீரான இடைவெளியில் தடிப்பும் மெலிவும் தெரிந்தன. தொட்டியுள்ளதை வாங்கப் போகிறேன். ஏர்பிரஷ் தற்போதைக்கு ஒரு சாதாரண 0.3.

கூர்முனை:
நல்லது. கரண்டியில் கண்டதை என்னால் மறுக்க முடியாது. ஆனாலும் அந்தச் சாதாரண 0.3 பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. வாங்கியதும் ரப்பர் வளையங்கள் இருக்கும் இடங்களில் டெஃப்லான் வளையங்களை மாற்றிவிடுங்கள். மை ஊற்றுவதற்கு முன் கிண்ணத்தில் வெறும் தண்ணீரை விட்டு விசையை அழுத்துங்கள். ஒரு குமிழி எழுந்தாலும், முனை தன் இடத்தில் சரியாக உட்காரவில்லை என்று பொருள். கழற்றி மீண்டும் மாட்டிய பின்னும் குமிழி நிற்காவிட்டால், கடைக்காரரிடம் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.