சௌகார்பேட்டை சந்துக்கு 24 எம்எம்மா, 35 எம்எம்மா?

கேள்வி (தங்கசாலை):
கேனான் 200டி கேமரா, கூடவே வந்த 18-55 எம்எம் கிட் லென்ஸ், அப்புறம் தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ். இவ்வளவுதான் கையில். ஞாயிறு காலையில் சௌகார்பேட்டை பக்கம் சுற்றுவேன். 50ஐ மாட்டினால் பின்னால் போகப் போக முதுகு கடைப்படியில் இடிக்கிறது, டீ ஆற்றுகிறவர் முகம் வருகிறது, கிளாஸ் வருவதில்லை. 18க்குப் போனால் எல்லாமே விழுகிறது, படத்தில் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. ஒரே ஒரு பிரைம் (ஜூம் இல்லாத லென்ஸ்) வாங்கலாம் என்றால் 24, 35 என்று ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். பிரெஞ்சுப் படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோனே 50இல்தான் எடுத்தார் என்று நண்பன் ஒரே பிடிவாதம்.

பதில் (பழைய ரோல்):
நண்பர் சொல்வது சரி, ஆனால் அவர் எடுத்தது லைக்கா கேமராவில், 35 எம்எம் பிலிமில். படம் பதிகிற உங்கள் சென்சார் அந்தப் பிலிமைவிடச் சின்னது, லென்ஸ் எண்ணை 1.6ஆல் பெருக்குங்கள், அந்த 50 உங்களிடம் 80 ஆகிவிடும். கேமராவைப் படுக்கையாகப் பிடித்து ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை எடுக்க ஆறரை மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், தங்கசாலைத் தெருவில் அந்த இடைவெளிக்குள் ஒரு தள்ளுவண்டியும் ரெண்டு ஸ்கூட்டரும் புகுந்துவிடும். 24 போட்டால் 38 மாதிரி, மூன்று மீட்டர் சொச்சம் போதும். 35 உங்களுக்கு 56, அதுவும் அங்கே இறுக்கம்தான். கேனானின் 24 எஃப்/2.8 பான்கேக் (தட்டையான லென்ஸ்) வெறும் 125 கிராம், மாட்டியிருப்பதே தெரியாது. வாங்கும் முன் கிட் லென்ஸை 24இல் வைத்து டேப் ஒட்டிவிட்டு ஒரு மாதம் நடங்கள், செலவே இல்லை.

பதில் (மாடவீதி):
தெரு அகலத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், ஆட்களிடம் எவ்வளவு கிட்டே போக உங்களுக்குக் கூச்சமில்லை என்பதும் இருக்கிறது. அமெரிக்கத் தெருப் படக்காரர் வினோகிராண்ட் 28ஐ வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே நுழைந்தவர். சால் லைட்டர் நியூயார்க்கில் தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் போட்டு, ஆவி படிந்த கண்ணாடி வழியே எடுத்தார், அவையும் தெருப் படங்கள்தானே. மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்று மாடியில் இடம் கிடைத்தால் நான் எடுப்பது 50தான். அதை விற்றுவிடாதீர்கள்.

பதில் (நிழல்பக்கம்):
யாரும் போகஸ் பற்றிப் பேசவில்லையே! உங்கள் கேமராவில் 24இன் துளையைச் சுருக்கி எஃப்/8இல் வைத்து மூன்று மீட்டரில் போகஸ் செய்தால் ஒன்றே முக்கால் மீட்டரிலிருந்து பத்து மீட்டர் தாண்டியும் தெளிவாக இருக்கும். 50இல் அதே எஃப்/8, அதே மூன்று மீட்டர் என்றால் தெளிவாகக் கிடைப்பது மொத்தமே ஒரு மீட்டர் சொச்சம். அந்த 24இல் தூர அளவு எழுதியிருக்காது, அதனால் மூன்று மீட்டரில் இருக்கும் எதன் மீதாவது ஆட்டோபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. கண்ணில் பட்டதும் அழுத்த வேண்டியதுதான்.

தங்கசாலை:
டேப் ஒட்டியாயிற்று. பழசாக ஒரு 24 கிடைத்தால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பழைய ரோல்:
முதலில் பூஞ்சை. ரெண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்னாலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். கொஞ்சம் தூசி இருந்தால் பரவாயில்லை, அதைக் காட்டி விலையைக் குறையுங்கள்.