புதுப்பிப்பு: மாலாதாங் கடைக்கு இரண்டாம் முறை போய் வந்தேன்

போன வாரம் எழுதியது நினைவிருக்கும். மாலாதாங் என்பது, நாமே கிண்ணத்தில் எடுத்துத் தரும் காய்கறி, நூடுல்ஸ் போன்றவற்றைக் கார சூப்பில் வேகவைத்துத் தரும் சீன உணவு. அந்தக் கடையில் கண்ணில் பட்டதையெல்லாம் கிண்ணத்தில் அள்ளி, காரத்தையும் உச்ச அளவில் கேட்டு, நாக்கு மரத்துப்போய்ப் பாதியிலேயே எழுந்துவிட்டேன். "காரத்தைக் குறைத்து இன்னொரு முறை போய்ப் பாருங்கள்" என்று பலர் சொன்னீர்கள். போனேன். நல்ல வேளை, போனேன்!

அந்த மரத்துப்போகும் உணர்வு மிளகாயால் வருவதில்லை. அது சிச்சுவான் மிளகின் வேலை. பெயர்தான் மிளகு, செடி எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதிலுள்ள சான்ஷூல் என்ற பொருள்தான் உதட்டில் அந்தக் குறுகுறுப்பைத் தருகிறது. இந்த முறை மிதமான காரம் கேட்டதால் எலும்புச் சாற்றின் சுவையே தனியாகத் தெரிந்தது. எள் விழுதும் பூண்டும் சேர்த்ததும் சூப் பால் போலக் கெட்டியாகி, காரம் அடங்கிவிட்டது.

எடை போட்டுக் காசு வாங்குவதால் தாமரைத் தண்டு, உருளைக்கிழங்கு இரண்டிலும் இரண்டிரண்டு துண்டோடு நிறுத்திக்கொண்டேன். கீரையைத் தண்ணீர் வடித்துத்தான் போட்டேன். மீதியெல்லாம் கருங்காளானும் டோஃபு தோலும்தான் (சோயாப் பால் காயும்போது மேலே படியும் ஏடு). அந்தத் தோலின் மடிப்புக்குள் சூப் தேங்கி நிற்கும். கடித்தால் சூடாகப் பீறிடும், கொஞ்சம் ஊதிவிட்டுச் சாப்பிடுங்கள்.

அப்புறம், சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸை முதலில் முடித்துவிடுங்கள். விட்டால் சூப்பை எல்லாம் அதுவே குடித்துவிடும். கடைசி நாலு வாய்க்குக் கருப்பு வினிகர் ஒரு கரண்டி விட்டேன். கிண்ணத்தில் சொட்டு மீதியில்லை.