சின்ன யானையில் சிலிண்டர், டீசல்: லைசென்ஸும் செக்கிங்கும் (நாலு பேரின் அனுபவப் பகிர்வு)

ஃபேப்ரிகேஷன் கான்ட்ராக்டர்

டாடா ஏஸ், பிக்கப் வண்டிகளை ஓரங்கட்டினால் முதல் கேள்வி இன்னமும் "பேட்ஜ் (சரக்கு வண்டி ஓட்டத் தனி அனுமதி) இருக்கா?" என்பதுதான். அதற்கு 2024 நவம்பர் 6-லேயே பதில் வந்துவிட்டது. பஜாஜ் அலையன்ஸ் – ரம்பா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டது. ஆர்சி-யில் பார்க்க வேண்டியது காலி எடையை அல்ல, 'கிராஸ் வெயிட்' என்று இருப்பதை. அதே எண் 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பர்மிட்டும் வேண்டாம். ஒரே பெயரில் வரும் பிக்கப்பிலேயே சில மாடல் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். ஷோரூமில் சொல்வதை நம்பாமல் ஆர்சி-யைப் பாருங்கள்.

கேஸ் ஏஜென்சி டிரான்ஸ்போர்ட்

அண்ணன் சொன்னது சரிதான், ஆனால் பாதி. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கான தனி நிபந்தனைகள் அப்படியே தொடரும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. பின்னால் சிலிண்டர் ஏறிவிட்டால் மத்திய மோட்டார் வாகன விதி 9 வந்துவிடும். மூன்று நாள் பயிற்சி முடித்த சான்றிதழ், லைசென்ஸில் ஹசார்டஸ் எண்டார்ஸ்மெண்ட் (அபாயகரமான சரக்கு ஓட்டலாம் என்ற பதிவு) இரண்டும் வேண்டும். டிரைவருக்குத் தமிழ் மாதிரி ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வண்டி ஏஸா, டேங்கரா என்று விதி 9 பார்ப்பதில்லை, 'இத்தனை கிலோவுக்கு மேல்' என்ற வரம்பும் அதில் கிடையாது.

பலர் கோட்டை விடுவது தேதியில். சாதாரண சரக்கு வண்டி லைசென்ஸ் 5 வருடம், ஹசார்டஸ் என்றால் 3 வருடம்தான். கார்டைத் திருப்பி முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சிக்கினால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 190(3): முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஒரு வருடம் வரை சிறைக்கும் இடமுண்டு.

அடுத்தது அபாய எச்சரிக்கை போர்டு. விதி 134 படி இரண்டு பக்கமும் பின்புறமும் என மூன்று இடத்தில் இருக்க வேண்டும். சரக்கின் பெயர் 50 மில்லிமீட்டர், அபாய வகுப்பு எண் 100 மில்லிமீட்டர் உயரம், அந்த வகுப்பின் லேபிள் 250 மில்லிமீட்டர் சதுரம். பின்கதவில் மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய வண்டிகள்தான் ரோட்டில் அதிகம். பக்கவாட்டில் ஒட்டியவர்களும், கதவை இறக்கித் தொங்கவிட்டதும் எழுத்து தலைகீழாகி வண்டிக்கடியில் போய்விடுகிற மாதிரி ஒட்டியிருப்பார்கள். அவசர எண்ணாக ஆறு மணிக்குப் பூட்டுகிற ஆபீஸ் லேண்ட்லைனைப் போடுவது அதைவிடக் கொடுமை. கேபினில் டிரெம் கார்டு (விபத்து நடந்தால் என்ன செய்வது என்று சொல்லும் அட்டை) இருக்க வேண்டும். அதைத் தர வேண்டியது சரக்கை அனுப்புகிறவர், கேட்டு வாங்குங்கள்.

ஆக்சிஜன் – அசிட்டிலின் சப்ளை

பேப்பர் சரியாக இருந்தும் வண்டியைப் பிடிப்பது ஏற்றிய விதத்தால். மெரூன் நிற அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்க வைக்கவே கூடாது. உள்ளே கேஸ் அசிட்டோனில் கரைந்திருக்கிறது. படுத்தால் அசிட்டோன் வால்வு வரை வந்து, திறந்ததும் கேஸோடு வெளியே வரும். தெரியாமல் படுத்து வந்ததைச் சில மணி நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். கறுப்பு ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும் பிளாட்பாரத்தில் கிரீஸ், எண்ணெய்த் துணி எதுவும் கிடக்கக் கூடாது.

வெல்டர்கள் செய்யும் பெரிய தப்பு, மறுநாள் வேலைக்கென்று ரெகுலேட்டரைக் கழற்றாமலே ஏற்றுவது. சிலிண்டர் சாய்ந்தால் முதல் அடி ரெகுலேட்டருக்கு, உடைவது வால்வு. முதலில் வால்வை அடைத்து, பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியைப் போட்டு, மேலும் கீழும் இரண்டு இடத்தில் செயின் கட்டுங்கள். ஏற்றும் முன் வால்வு கழுத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழ் வந்தால் அந்தச் சிலிண்டர் கீழேயே நிற்கட்டும். சிலிண்டர் எதுவும் பாடிக்கு வெளியே நீட்டக் கூடாது. கன்டெய்னர் பாடியில் அசிட்டிலின் வேண்டவே வேண்டாம், கசிந்தால் போக வழியில்லை.

ஜேசிபி வாடகை

டீசல் பக்கம் கணக்கு வேறு. எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதை வைத்துப் பெட்ரோலியம் சட்டம் பிரிக்கும் வகுப்புகளில் டீசல் பி வகுப்பு. மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலமும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் அந்தச் சட்டத்தில் லைசென்ஸ் வேண்டாம். அந்தக் கணக்கு ஒரே இடத்தில் நம் வசம் உள்ள மொத்தத்துக்கு. யார்டில் ஏற்கெனவே பேரல் இருந்தால் வண்டியில் இருப்பதும் அதோடு சேரும். பெட்ரோல் ஏ வகுப்பு: விற்பனைக்கு இல்லாதது 30 லிட்டர் வரைதான், உலோகக் கேன் 25 லிட்டருக்கு மேல் கூடாது. இந்தச் சலுகையைக் காட்டி மோட்டார் வாகன விதியிலிருந்து தப்ப முடியாது, இரண்டும் தனித்தனி.

ஆனால் சின்ன வண்டிக்கு முதலில் இடிப்பது எடைதான். 200 லிட்டர் பேரல் நிரம்பினால் இரும்போடு சேர்த்துக் கிட்டத்தட்ட 185 கிலோ. 750 கிலோ தாங்கும் வண்டியில் நாலு பேரலோடு சரி. ஓவர்லோடு என்றால் 20,000 ரூபாய், அதோடு கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

டிராக்டரில் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு: உச்ச நீதிமன்றத்தின் 2001 நாகஷெட்டி தீர்ப்பின்படி டிரெய்லர் மாட்டியதால் டிராக்டர் லைசென்ஸ் செல்லாமல் போகாது. ஆனால் டிரெய்லருக்குத் தனிப் பதிவு நம்பர் உண்டு. டிராக்டர் பாலிசியில் டிரெய்லரும் சேர்ந்திருக்கிறதா என்று அந்த நம்பரை வைத்துப் பாருங்கள். விவசாயத்துக்கென்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு டீசல் பேரல் ஏற்றினால், கிளெய்ம் வரும் நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான்.