அவசரம்: ப்ரொப்பெல்லர் பின் எங்கே வாங்கலாம்?

ஏரித்தூண்டில்:
பழைய ஜான்சன் படகு எஞ்சின். கனடாவின் ரைஸ் லேக் ஏரியில் கல்லில் அடிபட்டதிலிருந்து எஞ்சின் உறுமுகிறது, படகு நகர மாட்டேன் என்கிறது. ப்ரொப்பெல்லரைத் தண்டோடு பிடிக்கும் சிறு கம்பி, அந்தப் ‘பின்’ உடைந்திருக்கும். எங்கே வாங்கலாம்? சனிக்கிழமை விடியவே இறங்க வேண்டும்.

பேசாலைக்காரன்:
தம்பி, எத்தனை குதிரைவலு? எந்த வருடம்? பழையது என்றால் அப்பா காலமா, தாத்தா காலமா?

குளத்துமீன்:
பின்தான். ஒரு ஆணியை அளவாக வெட்டிச் செருகுங்கள், ஓடும். ஊரில் அப்படித்தான் செய்தோம்.

பழைய இரும்பு:
ஆணிக்காரர் வந்துவிட்டார். இதை எத்தனை முறைதான் எழுதுவது! அந்தப் பின், ஷியர் பின், முறிவதற்கென்றே செய்த சாமான். அது முறிந்தால் சில டொலரோடு போச்சு. ஆணி வளைந்து கொடுக்காவிட்டால் அடுத்த கல்லில் கியர் பல் போகும்.

மொடல் இலக்கம் போடாமல் கேட்பவர்களுக்குப் பதில் எழுதுவதே வீண். எஞ்சினைப் படகில் இறுக்கும் பிராக்கெட்டில் அந்த இலக்கம் உள்ள தகடு இருக்கும். 1980க்குப் பிந்தியது என்றால் கடைசி எழுத்துக்கு முந்திய இரண்டு எழுத்தும் வருடம். ‘சிஓ’ (CO) என்றால் 1985.

ஏரித்தூண்டில்:
6 குதிரை. சிஓ தான். மெதுவாகப் போனால் போகிறது அண்ணை, முறுக்கினால் இரைச்சல் மட்டும்தான்.

பேசாலைக்காரன்:
இதை முதலே சொல்லியிருக்கலாமே. பின் முறிந்திருந்தால் மெதுவாகவும் போகாது. அந்த எஞ்சினில் ப்ரொப்பெல்லர் நடுவில் ரப்பர் இருக்கும். அடி விழுந்தால் சறுக்குவது அதுதான்.

பெயிண்ட் பேனாவால் ப்ரொப்பெல்லரின் நடுக் குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை ஒரே நேர்கோடு போடுங்கள். ஏரியில் ஒரு சுற்று நன்றாக முறுக்கி ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு இரண்டாக விலகி நின்றால் ரப்பர் போச்சு. கழற்றும்போது பின்னையும் பாருங்கள். உள்ளே தங்கூசி (தூண்டில் நரம்பு) சுற்றியிருந்தால் கியர் எண்ணெயையும் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலும் போய்விட்டது. ப்ரொப்பெல்லர் கழலாமல் நுனியை விரித்துப் போடும் பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போட வேண்டாம்.

குளத்துமீன்:
பிரிட்டிஷ் சீகல் எஞ்சின் என்றால் இந்தத் தொல்லையே இல்லை. பின்னுக்குப் பதில் சுருள்வில். அடி விழுந்தால் அது வாங்கிக்கொள்ளும்.

பழைய இரும்பு:
பழைய சீகலுக்கு 10 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய். ஓடிய வழியெல்லாம் தண்ணீரில் வானவில்.

குளத்துமீன்:
உங்கள் ஜான்சன் கம்பனியே 2000இல் கவிழ்ந்துவிட்டது. அதைப் பற்றியும் எழுதுங்கள்.

பழைய இரும்பு:
கவிழ்ந்தது கம்பனி. ரைஸ் லேக்குக்குப் பக்கத்துப் பீட்டர்பரோவில் செய்த எஞ்சின்கள் இன்றைக்கும் அந்த ஏரிகளில்தான் ஓடுகின்றன. பிறகு பம்பார்டியே கம்பனி வாங்கியது; அதிலிருந்து பிரிந்த பிஆர்பி 2020 வரை ஜான்சனின் கூடப்பிறந்த எவின்ரூட் எஞ்சின்களைச் செய்தது. ஷியர் பின், ஸ்பிளிட் பின் எல்லாம் சியரா போன்ற வேறு கம்பனிகளும் செய்கின்றன. சீகலுக்கு வில் தேடிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

பேசாலைக்காரன்:
பொடியன் சனிக்கிழமை போகவேண்டும். சீகல் சண்டையை வேறு இழையில் வையுங்கோ.

ஏரித்தூண்டில்:
கோடு விலகிவிட்டது. பின் நேராகவே இருந்தது. பழைய ப்ரொப்பெல்லர் ஒன்று கிடைத்தது, போட்டாச்சு. நன்றி.

கரைவலை:
என்னுடையது மேர்குரி 3.5 குதிரை எஞ்சின். நேற்று நடு ஏரியில் நின்றுவிட்டது. இதுவும் ரப்பரா?

பழைய இரும்பு:
அதில் ஷியர் பின். எஞ்சின் நின்றதா, படகு நின்றதா?