மஞ்சக்குப்பம் குடும்பம் குழு: ரவி அண்ணன் எங்கே குடிபோவது?

ரவி: எல்லோருக்கும் வணக்கம். ரிட்டயர்மென்ட் ஆர்டர் வந்துவிட்டது. ஏப்ரலுக்குள் நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கடலூர், புதுச்சேரிப் பக்கம் மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ரெட்டிச்சாவடியில் ஒரு மனை, வில்லியனூரில் கட்டின வீடு, பாகூர்ப் பக்கம் புது நாலுவழிச்சாலை ஓரம் ஒரு மனை. புரோக்கர் ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார். யாருக்கு என்ன தோன்றுகிறதோ சொல்லுங்கள்.

சுரேஷ்: லாஸ்பேட்டை ஏன் லிஸ்டில் இல்லை?

ரவி: விலை.

சுரேஷ்: சரிதான்.

கமலா: மஞ்சக்குப்பம் வீட்டை வைத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

தேன்மொழி: அத்தை 🙏

மாலதி: அதை அப்புறம் பேசலாம் அத்தை. இப்போது அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று பார்ப்போம்.

கார்த்தி: பாகூர்தான் அப்பா. விழுப்புரம் - புதுச்சேரி ரோடு நாலுவழி ஆகிவிட்டது. எம்.என்.குப்பத்திலிருந்து பூண்டியாங்குப்பம் வரை பைபாஸ், அங்கிருந்து சட்டநாதபுரம் வரையும் நாலுவழி. பத்து வருடத்தில் அந்தப் பக்கம் விலை எங்கேயோ போய்விடும்.

செல்வம்: ரவி, அவசரப்படாதே. நெடுஞ்சாலைத் துறையில் தலை நரைத்தவன் சொல்கிறேன், பொறுமையாகப் படி. ஹைவே ஓரம் இடம் பார்ப்பவர்கள் எல்லோரும் டவுன் எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, மழைத் தண்ணீர் எங்கே போகும் என்பது. நம் பக்கம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. தண்ணீர் மேற்கிலிருந்துதான் வரும். ரெட்டிச்சாவடி இருக்கிற கடலூர் ரோடும் பாகூர்ப் பக்கத்து பைபாஸும் தெற்கு வடக்காகப் போகின்றன. மண் கொட்டி உயர்த்திய சாலை அணைக்கட்டு மாதிரி குறுக்கே நிற்கும். சிறுபாலம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் தண்ணீருக்கு வழி. அதில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் மேற்குப் பக்கத்து மனை எல்லாம் குளம். ஃபெங்கல் புயலில் பார்த்தாய் அல்லவா?

சுரேஷ்: 👍

தேன்மொழி: ஃபெங்கலா தானேவா சித்தப்பா?

செல்வம்: தானே 2011 டிசம்பர் 30. அதில் காற்றுதான் அடித்து நொறுக்கியது. ஃபெங்கல் 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மழை விட்ட பிறகு சாத்தனூர் அணையைத் திறந்தார்கள், தென்பெண்ணை பொங்கியது. ஆற்றங்கரை ஊர்களில் மழை நின்ற பிறகுதான் வெள்ளமே வந்தது.

கமலா: தானேவில் எங்கள் பண்ருட்டி முந்திரித் தோப்பு முழுக்கப் போயிற்று. ஒரு பலா மரம் நின்றது. அதில் காய்த்த பழத்தைத்தான் போன வருடம் மாலதிக்குக் கொடுத்து அனுப்பினேன், நன்றாக இருந்ததா என்று ஒரு வார்த்தை வரவில்லை.

மாலதி: அத்தை, அன்றைக்கே போன் செய்தேன். மாமாதான் எடுத்தார். சுளை தேன் மாதிரி இருந்தது என்று சொன்னேனே.

கமலா: அவர் என்னிடம் சொன்னால்தானே.

கார்த்தி: சின்ன தாத்தா, அப்படியென்றால் பைபாஸுக்குக் கிழக்கே வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லையே?

செல்வம்: கிழக்கே இருந்தாலும் சிறுபாலத்தின் வாய்க்கு நேரே இருக்கக் கூடாது கார்த்தி. மேற்கே தேங்கியது முழுக்க அந்த வழியாகத்தான் வேகமாக வரும். மனைப் பிரிவு போடும்போது வாய்க்காலைத் தூர்த்து ரோடு போட்டிருப்பார்கள். புலப்படத்தை, அதாவது அந்த சர்வே நம்பருக்கான அளவு வரைபடத்தை வாங்கிப் பார், வாய்க்கால் எங்கே ஓடியது என்று கோடு போட்டிருக்கும். அதோடு நேரில் போய் ஈ.பி. கம்பத்தையும் பழைய காம்பவுண்டுச் சுவரையும் பார். சேற்றுக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று கை வைத்துப் பார்த்தால் தெரியும். முழங்காலுக்கு மேல் இருந்தால் திரும்பி வந்துவிடு.

சுரேஷ்: வில்லியனூரும் ஆற்றங்கரைதானே?

செல்வம்: ஆமாம், சங்கராபரணி. வீடூர் அணை திறந்தால் அதிலும் தண்ணீர் வரும். வில்லியனூர் என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள், எந்த நகர், எந்தத் தெரு என்று சொல்லுங்கள்.

ரவி: கோயிலுக்கு மேற்கே, ஸ்டேஷன் பக்கம். மேடுதான் சித்தப்பா.

தேன்மொழி: அம்மாவுக்கு ஜிப்மர் ஓபி மாதா மாதம் உண்டு. அதை யாரும் பேசவில்லையே. ஜிப்மர் இருக்கிற கோரிமேடு திண்டிவனம் ரோட்டில் இருக்கிறது. ரெட்டிச்சாவடியிலிருந்து கிளம்பினால் கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம், அப்புறம் இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம் என்று ஊரையே தாண்ட வேண்டும்.

சுரேஷ்: அந்த இரண்டு சதுக்கத்துக்கும் நடுவே மேம்பாலம் வரப்போகிறது.

தேன்மொழி: கட்டி முடிக்கிற வரைக்கும்?

சுரேஷ்: 🤐

மாலதி: வில்லியனூரிலிருந்து மூலகுளம், மேட்டுப்பாளையம் வழியாகப் போனால் டவுனுக்குள் நுழையவே வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள்.

செல்வம்: மாலதி சொல்வது சரி. அப்புறம் இன்னொன்று. சாலையைத் தாண்டுவது. நாலுவழிச்சாலையில் எதிர்ப்பக்கம் மளிகைக் கடை கண்ணுக்குத் தெரியும், ஆனால் மீடியனில் வழி இருக்காது. சப்வே வரைக்கும் சர்வீஸ் ரோட்டில் நடந்து, அடியில் புகுந்து, திரும்பி வர வேண்டும். அண்ணியால் முடியுமா? முடியாதவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மீடியன் மேல் ஏறிக் குதிக்கிறார்கள். என் சர்வீஸில் நான் பார்த்த விபத்துகளில் பாதி அப்படி நடந்தவைதான். இல்லையென்றால் சர்வீஸ் ரோட்டில் பைக் எதிர்த்திசையில் வரும். வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு சப்வேயிலிருந்து நடக்கிற தூரம்தான் முக்கியம்.

கார்த்தி: அதற்குத்தான் கார் இருக்கிறதே.

மாலதி: அப்பா ஓட்டுகிற வரைக்கும் சரி கார்த்தி. அதற்கப்புறம்?

செல்வம்: பஸ்ஸும் அப்படித்தான். பைபாஸில் போகிற வண்டி உனக்காக நிற்காது. டவுன் பஸ் பழைய கடலூர் ரோட்டில்தான் ஓடும். பைபாஸ் திறந்துவிட்டதால் லாரியும் தூரத்து வண்டிகளும் அங்கே போய்விடும், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி ரோடு கொஞ்சம் மூச்சு விடும். குடியிருக்கப் பழைய ரோடு, வியாபாரத்துக்குப் புது ரோடு. நான் சொல்வது இதுதான்.

சுரேஷ்: அப்போது ரெட்டிச்சாவடியா?

செல்வம்: ரோட்டு மேல் வேண்டாம். உள்ளே ஒரு அரை கிலோமீட்டர். ஏர் ஹாரன் கேட்காத தூரம். ஊருக்கு வெளியே தேசிய நெடுஞ்சாலையில் நடுக்கோட்டிலிருந்து 40 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்று விதி இருக்கிறது. புரோக்கர் அதைச் சொல்ல மாட்டார். பாகூர் மனையில் அந்த 40 மீட்டரைக் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டாயா ரவி?

ரவி: கேட்கவில்லை. கேட்கிறேன்.

கமலா: ரெட்டிச்சாவடி தமிழ்நாடு. முள்ளோடை தாண்டினால்தான் பாண்டி. ரேஷன் கார்டை மாற்றுகிற வேலை இல்லை. எனக்கும் பக்கம். அண்ணியை நான் வந்து பார்த்துக்கொள்வேன்.

தேன்மொழி: அத்தை ❤️

சுரேஷ்: பாண்டிப் பக்கம் என்றால் பெட்ரோல் விலை குறைவு.

கார்த்தி: சித்தப்பா, பெட்ரோலுக்காக வீடு வாங்குவார்களா?

சுரேஷ்: பெட்ரோல் மட்டுமா? நாளைக்கு உன் பிள்ளை காலேஜ் சேர சென்டாக்கில் (புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழு) விண்ணப்பிக்க புதுச்சேரி குடியிருப்புச் சான்று வேண்டாமா?

கார்த்தி: அவனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை 🙂

கமலா: குழந்தை போட்டோ அனுப்பு கார்த்தி. காதுகுத்து எப்போது? திருவந்திபுரத்தில்தானே?

மாலதி: அது வீடு முடிந்த பிறகு அத்தை.

கமலா: பத்திரிகையில் இந்தத் தடவையாவது எங்கள் வீட்டுப் பெயர் விட்டுப்போகாமல் பாருங்கள்.

சுரேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கமலா: என்ன சுரேஷ் அழித்தாய்?

சுரேஷ்: தப்பான குழு அத்தை.

ரவி: அம்மாவிடமே கேட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிட்டே இருந்தால் போதும், ஆனால் கோயில் நடக்கிற தூரத்தில் வேண்டும் என்கிறார்கள்.

தேன்மொழி: அப்படியென்றால் வில்லியனூர்தான். திருக்காமீஸ்வரர் கோயில் இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, ஜிப்மருக்கும் நேர் வழி. நானும் ரயிலில் வந்து இறங்கலாம்.

கமலா: ரெட்டிச்சாவடி என்றால் பாடலீஸ்வரர் இல்லையா? பஸ் ஏறினால் திருப்பாதிரிப்புலியூர்.

தேன்மொழி: நடக்கிற தூரம் என்றார்கள் அத்தை.

செல்வம்: வில்லியனூர் வீட்டுக்கு முதலில் ஒரு வருடம் வாடகைக்குப் போ ரவி. ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையை அங்கேயே இருந்து பார். அதற்கப்புறம் கிரயம் பேசலாம்.

ரவி: வீட்டுக்காரர் வாடகைக்கு விடுவாரா தெரியவில்லை. விற்கத்தான் பார்க்கிறார்.

செல்வம்: நான் பேசிப் பார்க்கிறேன். நம்பர் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை மூன்று இடத்தையும் பார்த்துவிடுவோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போக வேண்டும், அப்போதுதான் வண்டி நெரிசல் தெரியும். சுரேஷ், உன் கார்.

சுரேஷ்: ஞாயிறு எனக்கு ஒரு கிரகப்பிரவேசம் இருக்கிறது. மூன்று மணிக்கு மேல் சரி.

மாலதி: அத்தை, நீங்களும் வாருங்கள். ரெட்டிச்சாவடியில் ஏற்றிக்கொள்கிறோம்.

கமலா: பார்க்கிறேன். முட்டி வலி.

கார்த்தி: அப்பா, பாகூருக்கு ஒரு டோக்கன் மட்டும் கொடுத்து வைக்கலாம் இல்லையா? லோன் நான்தானே கட்டப் போகிறேன்.

ரவி: புலப்படம் வரட்டும் கார்த்தி.

கார்த்தி: புரோக்கர் ஞாயிறுதான் கடைசி என்கிறார்.

செல்வம்: எல்லாப் புரோக்கரும் அப்படித்தான் சொல்வார்கள். சர்வே நம்பரை எனக்குத் தனியாக அனுப்பு.