மறு: சிட்ரஸ் ஜெல்லி – ‘உறைசாறு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்தக் குழுவில் ஜெல்லிக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். யாரும் செய்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஞாயிறன்று மாயவரத்தில் எங்கள் வீட்டில் செய்தே பார்த்துவிட்டோம். கொல்லையில் காய்த்த நார்த்தங்காய் இரண்டு, கடையில் வாங்கிய சாத்துக்குடி ஆறு. வடிகட்டிச் சர்க்கரை கரைத்த சாறு அரை லிட்டர். அதற்கு ஜெலட்டின் தூள் 10 கிராம். தூளைக் குளிர்ந்த நீரில் தூவினால் பத்து நிமிடத்தில் நனைந்த மணல்போல் உப்பிக்கொள்கிறது. அதை இளஞ்சூட்டில் கரைத்துச் சாற்றோடு கலந்து, எவர்சில்வர் டபராக்களில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தோம். நாலு மணி நேரம் கழித்து டபராவைச் சாய்த்தால் ஒரு சொட்டும் சிந்தவில்லை, நுங்குபோல் குலுங்கியது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

‘ஊன்பசைக் கூழ்’ என்றார் ஒரு நண்பர். ஜெலட்டின் என்பது மாடு, பன்றி முதலியவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கும் புரதம். ஆகவே தூளுக்கு ஊன்பசை நேர்மையான பெயர்தான். சைவர்கள் பொட்டலத்தைப் பார்த்ததுமே விலகிக்கொள்ளலாம். பண்டத்துக்கு அந்தப் பெயர் ஆகாது. இதே சாற்றை நாகூர்க்காரர்கள் கடல்பாசியில் (அகர்-அகர்) செய்தால் அதில் ஊன் ஏது?

‘களிம்பு’ மருந்துக் கடைக்குப் பொருந்தும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய கைகளுக்குக் களிம்பு என்றால் பித்தளையில் படியும் பச்சை விஷம். புளிப்புப் பண்டத்துக்கு அதைப் பெயராக வைத்தால் என் அம்மா கிண்ணத்தைத் தொடக்கூட மாட்டார்.

ஜெலட்டினின் உறுதியைக் குறிக்கும் புளூம் எண்ணை ‘பூப்பு எண்’ என்று பெயர்த்தவர் பொறுத்தருள்க. படிக்கிறவர் வயதுக்கு வந்த கணக்கு என்று நினைத்துவிடுவார். அது பூவும் இல்லை, ஆள் பெயர். ஆஸ்கர் புளூம் என்பவர் அதை அளக்கும் கருவிக்கு 1925-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். புளூம் எண் என்றே இருக்கட்டும்.

என் சொல் ‘உறைசாறு’. ஊறுகாய்போல இதுவும் வினைத்தொகை: உறைந்த, உறைகின்ற, உறையும் சாறு. அதே நார்த்தங்காய் உப்பில் கிடந்தால் ஊறுகாய், சாறாகி உறைந்தால் உறைசாறு. உறைநிலை என்று பள்ளியில் படித்தவர்கள் ஐஸ் என்று எண்ணிவிடுவார்களே என்பது நியாயமான ஐயம். ஆனால் பால் தயிராக உறைவதும் காயத்தில் இரத்தம் உறைவதும் குளிராலா?

ஒன்றை மறைக்கக் கூடாது. உறைசாறு உறைந்தே இருப்பதில்லை. தாழ்வாரத்தில் மாமாவுக்கென்று எடுத்துவைத்த டபரா, அவர் பம்புசெட்டில் குளித்துவிட்டு வருவதற்குள் மறுபடி சாறாகிவிட்டது. உடற்சூட்டுக்குச் சற்றுக் கீழேயே ஜெலட்டின் இளகிவிடும். நாவில் பட்டதும் கரைவது அதனால்தான். மாமா எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு, சர்பத்தில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றார்.

அன்புடன்,
மாயவரத்திலிருந்து

*

ஐயா, வணக்கம்.

நாகூரைக் கூப்பிட்டதால் வந்தேன். எங்கள் வீட்டில் நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சினால் குளிர்பதனப் பெட்டியே வேண்டியதில்லை. தட்டில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தால் சித்திரையிலும் உறைந்துவிடும். மறுபடி உருக 85 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். உங்கள் மாமாவுக்கு இதுதான் தோது. ஆனால் புளிப்புச் சாற்றை அடுப்பில் இருக்கும்போது விடாதீர்கள், கெட்டிப்படாமல் போய்விடும். இறக்கிய பிறகு விடுங்கள்.

உறைசாறு எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் நாங்கள் கடல்பாசியைப் பெரும்பாலும் பாலில்தான் காய்ச்சுகிறோம். உங்கள் கணக்குப்படி அது உறைபால். அப்படிச் சொல்லி ஒரு தட்டை நீட்டினால், பக்கத்து வீட்டு அக்கா சோற்றில் போட்டுப் பிசைந்துவிடுவார். பாலுக்கு வேறு சொல் தேடுங்கள்.